பஷீர் பாய் கடையின் செத்த பேட்டரி

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம். உங்களைவிட வயதில் மூத்த கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து வாங்கி, பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, "மேடம், இது சுத்தமா ஓடல" என்று என்னிடம் பெருமையாகச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. என் வீட்டில் என்னைப் பற்றி நினைப்பதையேதான் நினைப்பார்கள்.

நான் செங்கல்பட்டில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்து, அதே அச்சகத்தில் ஓய்வு பெற்றவள். அந்த நாளில் அச்சகம், விளம்பர ஸ்டூடியோ எங்கே போனாலும் மேக் கம்ப்யூட்டர்தான். அதற்குள் ஓடியது பவர்பிசி என்ற சிப். பிறகு கம்பெனியே அந்தச் சிப்பைக் கைவிட்டது, உலகமும் மறந்தது, நாம் சிலர் மட்டும் மறக்காமல் வீட்டில் திட்டு வாங்குகிறோம். நான் படித்து இன்ஜினியர் ஆனவள் இல்லை. சென்னையிலிருந்து இன்ஜினியர் வரட்டும் என்று காத்திருந்தால் எங்கள் வாரப் பத்திரிகை மாதப் பத்திரிகை ஆகிவிடும் என்பதால் நானே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். அன்று எடுத்ததை இன்னும் கீழே வைக்கவில்லை.

மெஷினை எப்படித் திறப்பது, எதை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் வீடியோ பார்ப்பீர்கள். நான் சொல்ல வந்தது நம் ஆட்களுக்கே உரிய ஒரு வியாதியைப் பற்றி. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைப் பார்த்தால் நமக்குக் கை ஊறும். அதை இன்னும் நன்றாக ஓட வைத்தாக வேண்டும். இந்த வியாதி நம் விக்னேஷுக்கு முற்றிய கதையைக் கேளுங்கள். அவன் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். கொடுக்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

விக்னேஷ் கருங்குழிக்காரன். கேளம்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்த ஃபிளாட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கூடுகிறோம். அங்கே படுக்க இடமில்லை, ஆனால் அந்தப் பவர்பிசி மேக்குகளின் அடுத்தடுத்த தலைமுறைகளில் ஜி3 மூன்று, ஜி4 நான்கு, ஜி5 ஒன்று இருக்கின்றன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவன் ஒருநாள் கோவளத்துக்கு மீன் சாப்பிடப் போன இடத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடையில் பழைய பழுப்பு நிற ஜி3 ஒன்று வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டான். காட்சிக்கு வைத்ததல்ல. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினோடு கேபிள் போட்டு, தினமும் சோறு போடுகிற மெஷின். அன்று மீன் சாப்பிட்டானா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த ஞாயிறு குழுவே கோவளத்துக்குக் கிளம்பியது.

கடைக்காரர் பஷீர் பாய்க்கு எங்களைப் பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையோடு நிற்பதுபோல் ஒவ்வொருவரும் அவருடைய கம்ப்யூட்டரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

"இன்னாக்கா, இது எதுனா பொருட்காட்சிக்குப் போவப் போவுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல பாய். இந்தப் பசங்களுக்கு இதுதான் சினிமா நட்சத்திரம்."

"நல்ல நட்சத்திரம். கடல் காத்துல துருப்புடிச்சிப் போயி, காலைல முக்கி முனகிதான் எந்திரிக்கும். ஏதோ ஒரு நோட்டீஸ் காட்டும். நான் ஓகே ஓகேன்னு தட்டிடுவேன். குட் மார்னிங் சொல்லுது போலகீதுன்னு வுட்டுட்டேன்."

மெஷினைவிட எனக்குப் பிடித்தது அவருடைய எழுத்து. படகுகளில் பேர் எழுதுவதற்கென்றே 'அ' முதல் ஒவ்வொரு எழுத்தையும் அவரே அந்த மெஷினில் வரைந்து வைத்திருந்தார். அடி கனமாக, தலை அகலமாக, அலையில் படகு ஆடினாலும் வாசிக்க முடிகிற எழுத்து. கோவளத்துப் படகுகள் எல்லாவற்றிலும் அதுதான். வெட்டுகிற சாஃப்ட்வேர் அந்தக் கால மெஷினில் மட்டும் ஓடக்கூடியது, எழுத்துக்களும் அதற்குள் மட்டும்தான் திறக்கும். வேறு பிரதி கிடையாது. அவர் இளவயதில் தொடங்கி வரைந்ததெல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தது. என் கவலையெல்லாம் அந்த டிஸ்க்கைப் பற்றி, ஆனால் பக்கத்திலிருந்த விக்னேஷின் கண் மெஷினின் பக்கவாட்டு மூடியில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பாய் கடையிலிருந்து விக்னேஷ் எனக்குப் போன் செய்தான்.

"மேடம், ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன விஷயம்."

உங்களில் யாராவது இப்படி ஆரம்பித்தால் நான் உடனே செருப்பை மாட்டிக்கொள்வேன். அன்றும் மாட்டிக்கொண்டேன். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம். ஆட்டோவில் என் மடியில் யாருடைய முட்டைக்கோஸ் பையோ இருந்தது. நான் அதையும் பிடித்துக்கொண்டு, விக்னேஷ் என்னவெல்லாம் செய்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கடை வாசலில் மரியதாஸ் என்ற மீனவர் பாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய புது ஃபைபர் படகுக்கு மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து மந்திரிப்பதாக ஏற்பாடு. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. படகின் பேர் அன்று சாயங்காலத்துக்குள் ஒட்டப்பட வேண்டும்.

"வேற எங்கனா கம்ப்யூட்டர் எழுத்துல வெட்டிக்க மரியதாசு. இது வயசாயிப் பூட்ச்சி. இன்னா பண்ண சொல்ற?" என்றார் பாய். அவர் குரலில் சுரத்தே இல்லை.

"அது இன்னாத்துக்கு எனக்கு? கரைலேந்து பாக்க சொல்லோ உன் எழுத்து தெரிஞ்சாதான் எங்க வூட்டுப் பொம்பளைங்க நம்மூரு போட்டுன்னு மூச்சு வுடுவாங்க. பேஜாரு பண்ணாத பாய்."

உள்ளே விக்னேஷ் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு சின்னப் பெட்டி: உங்கள் உரிமக் காலம் முடிந்துவிட்டது. சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. அவன் கையில் ஒரு சிடி. சிஸ்டத்தையே அந்த டிஸ்க்கின் மேல் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தான்.

"சிடியை உறைக்குள்ள போடு. என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல மேடம். தூசி ஊதினேன். ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். கேபிளைக் கழற்றித் துடைச்சேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. இந்த ஆண்டு, இந்த மாதம், இன்றைய கிழமை.

"இந்த மெஷினுக்கு இன்னிக்கு என்ன தேதின்னு யார் சொன்னது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேட்டரி மாற்றியிருக்கிறான். கேட்டபோது மறைக்கவில்லை, நிஜமாகவே அவனுக்கு அது 'செய்ததாக'த் தோன்றவில்லை. பழைய மேக் கையில் கிடைத்தால் நாம் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கும் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், செத்தால் கசியும், கசிந்தால் போர்டையே தின்றுவிடும். உங்களுக்கும் அதைத்தான் பாடம் பாடமாகச் சொல்லித் தருகிறோம். விக்னேஷ் புது பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, நல்ல பிள்ளையாக மூடியை மூடியிருக்கிறான்.

நான் பாயைக் கூப்பிட்டு அந்த சாஃப்ட்வேரை எப்படி வாங்கினார் என்று கேட்டேன். முழுத் தொகையும் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார். விற்றவர் முதலில் ஒரு வருஷ உரிமம் போட்டுக் கொடுத்து, நிரந்தர உரிமத்தைப் பிறகு கொண்டுவருகிறேன் என்று போனவர்தான், அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் மெஷினின் பேட்டரி செத்திருக்கிறது. இந்த ரக மெஷின்களுக்குப் பேட்டரி செத்தால், கரண்டைப் பிடுங்கி மறுபடி போடும்போதெல்லாம் கடிகாரம் 1956-க்குப் போய்விடும். பாயோ கடல் காற்றுக்குப் பயந்து தினமும் கடை மூடும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பவர். ஆக, தினமும் காலையில் அந்தக் கடையில் 1956 விடியும், உரிமம் முடிய இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறதென்று சாஃப்ட்வேர் நிம்மதியாக வேலை செய்யும். அவர் குட் மார்னிங் என்று நினைத்தது தேதி தப்பு என்கிற எச்சரிக்கை. இது அவருக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. விக்னேஷ் அதற்கு இன்றைய தேதியைச் சொன்னான், அது திடுக்கிட்டு எழுந்து கதவைச் சாத்திக்கொண்டது.

தேதியைத் திரும்ப 1956-க்கு மாற்றினால் போதாதா என்று உங்களில் புத்திசாலிகள் கேட்பீர்கள். அவனும் புத்திசாலிதான், அதையும் செய்து பார்த்திருந்தான். ஒருமுறை காலம் முடிந்ததைப் பார்த்துவிட்டால் அந்தக் கால சாஃப்ட்வேர்கள் எங்கேயாவது ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளும். பிறகு எந்தத் தேதி வைத்தாலும் திறக்காது. அந்த அடையாளம் எங்கே என்று தெரியாமல் கை வைத்தால் எழுத்துக்களும் போய்விடலாம்.

நான் மெஷினை அணைத்தேன். பாய் மறுபடி வாசலுக்குப் போயிருந்தார். விக்னேஷ் மெதுவாக என்னிடம் கேட்டான்: "மேடம், பாய் மெஷின் வயசாகிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். அப்படியே இருக்கட்டுமா?"

அச்சக நாட்களில் எப்போதாவது எங்கள் மெஷினைப் பார்க்க வருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருமுறை கை தவறி ஒரு போர்டைக் கீழே போட்டுவிட்டார். அறையில் நானும் அவரும்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே முதலாளி அறைக்குப் போய், "நான் கீழே போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து மிச்ச வேலையைப் பார்த்தார். மறுமாதம் முதலாளி வேறு ஆளைக் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்லது செய்தால் கைமேல் பலன் என்று நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நம் தொழிலில், நம் பொழுதுபோக்கில், 'பழைய மெஷின், தானாப் போயிடுச்சு' என்பது எல்லோரும் நம்பும் பொய். கேட்பவர்கள் நமக்கு ஆறுதல்கூடச் சொல்வார்கள். அதனால்தான் அதைச் சொல்ல அவ்வளவு ஆசையாக இருக்கும்.

இதையெல்லாம் நான் விக்னேஷிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்காகச் செய்திருப்பான். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றத் தொடங்கினேன். அவன் என்ன செய்யப் போகிறான் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். "பாய், அது தானா போகல. நான்தான் பேட்டரிய மாத்திக் கெடுத்துட்டேன்."

மரியதாஸ் சண்டையை நிறுத்திவிட்டார். பாய் அவனையே பார்த்தார்.

"நல்லா ஓடிகினு இருந்தத இன்னாத்துக்குப்பா தொட்ட?"

"பேட்டரி செத்துப் போயிருந்தது பாய்..."

"செத்த பேட்டரிய வச்சிகினுதான்டா ரெண்டு பொண்ணுக்கு நிக்கா முடிச்சேன்! உன்ன யாரு கேட்டது? கேட்டனா நானு? வந்து என் பேட்டரிய பாருன்னு கேட்டனா?"

கோவளம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும் குரல். காலையிலிருந்து மூச்சே இல்லாமல் இருந்த மனிதருக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. விக்னேஷ் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டான். திட்டி முடித்ததும் பாய் மரியதாஸ் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வா" என்றார்.

"இப்பத்தான் பூட்ச்சின்னு சொன்ன?"

"அதுவா செத்துருந்தா ஒன்னியும் பண்ண முடியாது. இவன் கெடுத்தான்னா, கெடுத்தத சரி பண்ணலாமில்ல?"

நான் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் மரியதாஸ் வேறு கடைக்குப் போயிருப்பார், பாய் மெஷினை மூலையில் தள்ளியிருப்பார், நாங்கள் அதை வாஞ்சையோடு கேளம்பாக்கத்துக்குத் தூக்கி வந்திருப்போம். எழுத்துக்களைத் தேடி யாரும் அந்த டிஸ்க்குக்குள் போயிருக்க மாட்டோம்.

டிஸ்க்கைக் கழற்றி, விக்னேஷின் லேப்டாப்பில் மாட்டி, அதில் எதையும் எழுத முடியாதபடி செய்து வேறொரு டிஸ்க்கில் முழுசாகப் பிரதி எடுத்தோம். அது ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. பாங்கு கேட்டதும் பாய் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்ததும் அசல் டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கி, கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இனி அதை யாரும் தொட முடியாது. நியாயம்தான். பரிசோதனையெல்லாம் பிரதியில்தான் என்று சொன்னபோதுதான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

விக்னேஷ் தேட ஆரம்பித்தான். டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள், அடையாளம் எதில் இருக்கிறதென்று எப்படித் தெரியும்? எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

"தேதி வாரியா அடுக்குடா."

அடுக்கினான். பாய் வரைந்த எழுத்துக்கள், வெட்டிய படகுப் பேர்கள், ஆட்டோ வாசகங்கள், பேட்டரி சாவதற்கு முன் செய்த சிலதைத் தவிர எல்லாம் 1956. பாய் பிறப்பதற்கு முன்பே பாயின் முக்கால்வாசி வேலையும் முடிந்திருந்தது. அதற்கு நடுவில் இந்த ஆண்டுத் தேதியோடு ஒரு கைப்பிடி ஃபைல்கள் மட்டும் தனியாகப் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. காலையில் விக்னேஷ் நேரத்தைச் சரிசெய்த பிறகு எழுதப்பட்டவை அவை மட்டும்தான். தன் தப்பை மறைக்காதவனுக்கு அவன் கைரேகையே வழிகாட்டியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் இப்படியெல்லாம் பேசினால் அவன் தலைகால் புரியாமல் ஆடுவான்.

புது பேட்டரியைப் பிடுங்கினோம். பிரதி டிஸ்க்கை மெஷினில் மாட்டி, அந்தக் கைப்பிடியில் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுத் திறந்து பார்த்தோம். உரிமக் காலம் முடிந்தது. உரிமக் காலம் முடிந்தது. மறுபடியும் அதே. மரியதாஸ் வந்து வாசலில் நின்றுகொண்டார். சிஸ்டம் ஃபோல்டருக்குள் பேரே இல்லாத மாதிரி ஒரு குட்டி ஃபைல் இருந்தது. அதை விக்னேஷ் வெளியே இழுத்துப் போட்டான்.

சாஃப்ட்வேர் திறந்தது. வெள்ளைத் திரையில் பாயின் எழுத்துக்கள் வரிசையாக வந்து நின்றன. விக்னேஷ் அழுதான். நானும் அழுதேன், எனக்குக் கண்புரை என்று சொல்லிச் சமாளித்தேன். பாய் மட்டும் அழவில்லை. மரியதாஸைப் பார்த்து, "செவப்பா நீலமா?" என்றார்.

மறுநாள் படகு பேரோடு கடலில் இறங்கியது. எங்களுக்கும் மீன் குழம்பு கிடைத்தது. கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு பல ஞாயிறுகள் விக்னேஷ் நம் கூட்டத்துக்கு வரவில்லை. தன் ஃபிளாட்டையே பூட்டிவிட்டுப் போனதால் நாங்கள் டீக்கடையில் கூடினோம். அவன் கோவளத்தில் உட்கார்ந்து, பாயின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான். முடித்த அன்று என்னையும் கூப்பிட்டான். பென்டிரைவில் ஒன்று, பாயின் மூத்த மகள் வீட்டில் ஒன்று, தன்னிடம் ஒன்று என்று பிரதிகள். ஒரு லேப்டாப்பில் எல்லா எழுத்தையும் திறந்து காட்டினான். ஸ்டிக்கர் மெஷின் அதிலிருந்தும் வெட்டியது.

"இனிமே கவலையே இல்ல பாய். அந்தப் பழைய மெஷின் நாளைக்கே போனாலும் உங்க எழுத்து போகாது."

சொல்லும்போது அவன் கண் ஜி3 பக்கம் போனதை நான் பார்த்தேன். அந்த மெஷின் இனித் தனக்குத்தான் என்று அவன் ஃபிளாட்டில் இடம்கூட ஒதுக்கியிருப்பான். ஒதுக்க இடமிருந்தால்.

பாய் லேப்டாப்பை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஒன்னு கூட வுடலையே? எல்லாம் கீதா?"

"எல்லாம் இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா பாய்."

அவர் எழுந்து போய் ஜி3 முன்னால் உட்கார்ந்தார். சாஃப்ட்வேரைத் திறந்து, 'ஜ' எழுத்தை வரவழைத்தார். கொஞ்ச நேரம் அதையே முறைத்தார். பிறகு அதன் வளைவைப் பிடித்து இழுத்து மொத்தமாகக் கலைத்தார். விக்னேஷ் பதறி எழுந்துவிட்டான்.

"பாய், என்ன பண்றீங்க?"

"இந்த 'ஜ' எனக்கு ஆரம்பத்துலேந்தே புடிக்கல. வயிறு பெருத்துப் போயி, கோணலா நிக்கும். ஒவ்வொரு போட்டுலயும் பாத்துப் பாத்து மனசு எரியும். கை வச்சா இருக்கறதும் பூடுமோன்னு பயந்துகினு இத்தினி வருசமா தொடவே இல்ல." மவுஸை நகர்த்திப் புதுக் கோடு ஒன்றை இழுத்தார். "இப்பத்தான் பழசு பத்திரமா கீதே. ஒக்காருப்பா, வெளிச்சத்த மறைக்காத."